சூயஸா, ஆப்பிரிக்காவைச் சுற்றியா, பனாமாவா? பெட்டி அனுப்புமுன் பார்க்க வேண்டியவை

"அண்ணா, ஐரோப்பாவுக்கு ரெண்டு ரேட் வந்திருக்குதுங்க. ஒண்ணு சூயஸ் வழி, இன்னொண்ணு ஆப்பிரிக்காவைச் சுத்தி. எதை எடுக்கறதுங்க?"

திருப்பூரில் ஏற்றுமதிச் சரக்கைப் பெட்டியில் (கன்டெய்னரில்) ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிவைக்கிற ஃபார்வர்டிங் வேலை பார்க்கிற எனக்கு 2023 டிசம்பருக்குப் பிறகு அதிகம் வந்த கேள்வி இதுதான். போனில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க முடியாது. ரேட்டில் தெரிகிற வித்தியாசம் ஒன்று, கடைசியில் கையைக் கடிக்கிற தொகை வேறொன்று. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழியை நாம் முழுதாகத் தேர்ந்தெடுப்பதில்லை. சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் சீட்டான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படித்தால், எந்த வழியாகவும் போகும் உரிமையைக் கப்பல் கம்பெனி தன் கையில் வைத்திருப்பது தெரியும். சூயஸ் என்று புக் செய்த கப்பல் நடுக்கடலில் தெற்கே திரும்பினாலும் ஒப்பந்த மீறல் என்று நாம் வழக்குப் போட முடியாது. எந்த லைன் (கப்பல் கம்பெனி), எந்த சேவை, எந்தத் தேதி, எந்த விற்பனை நிபந்தனை, இவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. அந்த நான்கையும் சரியாகப் பிடிக்கத்தான் வழிகளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். எத்தனை நாள் ஆகும் என்பது முதலாவது. அந்த நாள் எவ்வளவு நிச்சயம் என்பது இரண்டாவது. என் அனுபவத்தில் முதலாவதைவிட இதுதான் முக்கியம். 38 நாள் என்று சொல்லி 38 நாளில் வருகிற பெட்டியால் யாருக்கும் நஷ்டமில்லை. 25 என்று சொல்லி 40 ஆக்குகிற பெட்டிதான் ஆர்டரைக் கெடுக்கிறது. மூன்றாவது, ஃப்ரைட் பில்லில் தெரியாத செலவுகள். நான்காவது, சரக்கின் குணம்: ஈரம் தாங்குமா, சீசன் உண்டா, அழுகுமா. ஐந்தாவது, அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்களின் உயிர். இதெல்லாம் ஏற்றுமதியாளர் பார்க்க வேண்டியதா என்று சிலர் கேட்பார்கள். பார்க்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து பெரும்பாலான பெட்டிகள் ஃபீடர் என்கிற சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே மதர் வெசல் என்கிற பெரிய கப்பலில் ஏறுகின்றன. அதனால் தூரத்தைக் கொழும்பிலிருந்து கணக்கிட்டிருக்கிறேன். எல்லாம் ஏறத்தாழ, கடல் மைலில்.

| | சூயஸ் | நன்னம்பிக்கை முனை | பனாமா |
|---|---|---|---|
| ராட்டர்டாம் | 6,700 | 10,500 | பொருந்தாது |
| பிரேயஸ், கிரீஸ் | 4,100 | 11,000 | பொருந்தாது |
| நியூயார்க் | 8,600 | 11,200 | 14,000-க்கு மேல் |
| கால்வாய்க் கட்டணம் | உண்டு | இல்லை | உண்டு |
| எதனால் தடைபடும் | போர், தரைதட்டும் கப்பல் | புயல், பேரலை | மழைக் குறைவு |
| கப்பல் அளவு | இன்றைய மிகப்பெரிய கன்டெய்னர் கப்பலும் போகும் | வரம்பில்லை | சுமார் 370 மீட்டர் நீளம், தண்ணீருக்குள் 15.2 மீட்டர் ஆழம் வரை |

இரண்டாவது வரிசையை இன்னொரு முறை பாருங்கள். ராட்டர்டாம், ஹாம்பர்க் என்றால் ஆப்பிரிக்காவைச் சுற்றுவது ஒன்றரை மடங்கு தூரம். கிரீஸ், துருக்கி என்றால் இரண்டரை மடங்கைத் தாண்டும், இத்தாலி என்றாலும் இரண்டு மடங்குக்கு மேல். "ஐரோப்பா" என்று ஒரே பெயரில் பேசுவதால் இந்த வித்தியாசம் பலருக்குப் பிடிபடுவதில்லை. பையர் மத்தியதரைக் கடல் பக்கம் இருக்கிறாரா, வடகடல் பக்கம் இருக்கிறாரா என்பதை முதலில் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

## சூயஸ்

1869 நவம்பர் 17 அன்று திறந்த கால்வாய். நீளம் இப்போது சுமார் 193 கிலோமீட்டர். வடக்கே போர்ட் சயீத், தெற்கே சூயஸ் நகரம். இரண்டு பக்கக் கடலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருப்பதால் நடுவில் கப்பலை ஏற்றி இறக்கும் பூட்டு மதகு எதுவும் கிடையாது. கப்பல்கள் அணி அணியாக உள்ளே போய் அரை நாளிலோ கொஞ்சம் கூடுதலாகவோ வெளியே வந்துவிடும். ஏற்ற வேண்டாம், இறக்க வேண்டாம், மழைக்குக் காத்திருக்க வேண்டாம். பொறியியலாகப் பார்த்தால் இதைவிட எளிய கால்வாய் இருக்க முடியாது.

இதன் பலவீனமெல்லாம் அரசியலில் இருக்கிறது. போரிலும் அமைதியிலும் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் திறந்திருக்கும் என்று 1888-இல் கான்ஸ்டான்டினோபிளில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் 1967 போரில் மூடியது 1975 ஜூனில்தான் திறந்தது. அன்று உள்ளே போயிருந்த 15 கப்பல்கள் எட்டு ஆண்டு அங்கேயே நின்றன. அவற்றில் இரண்டே இரண்டு ஜெர்மன் கப்பல்கள்தான் சொந்த எஞ்சினில் ஊர் திரும்பின.

2021 மார்ச்சில் எவர் கிவன் குறுக்கே மாட்டியதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். 400 மீட்டர் நீளக் கப்பல், ஆறு நாள் அடைப்பு, வெளியே நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில். அடைப்பு நீங்கியதோடு செய்தி முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கப்பலிலேயே பெட்டி வைத்திருந்தவர்களுக்குக் கதை அப்புறம்தான் ஆரம்பித்தது. இழப்பீட்டுத் தகராறில் எகிப்து அந்தக் கப்பலை ஜூலை வரை பிடித்து வைத்தது. கப்பல் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்கள் எல்லாரும் அவரவர் கப்பல், சரக்கின் மதிப்புக்கேற்பப் பங்குபோட்டுக் கொடுக்க வேண்டும் என்கிற பழைய கடல் வழக்கம் இது. நம் பெட்டிக்கு ஒரு கீறல் விழாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் அந்தக் கம்பெனி உத்தரவாதம் எழுதிக் கொடுத்து முடித்துவிடும். இல்லாதவர் பணமாக டெபாசிட் கட்டாமல் பெட்டியை எடுக்க முடியாது. "சும்மா துணிதானே" என்று இன்சூரன்ஸ் போடாமல் அனுப்புகிறவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். தயவுசெய்து போடுங்கள்.

அப்புறம் 2023 நவம்பர். கால்வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு நாளும் மூடவில்லை. சிக்கல் அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்குத் தெற்கே, செங்கடலின் வாயிலான பாப் எல் மண்டெப் நீரிணையில் வந்தது. அங்கே அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். யேமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் அதை ஒட்டிய கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் பெரிய லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே திரும்பின. 2023-இல் 26,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போன கால்வாயில் அடுத்த ஆண்டு அதில் பாதிதான் போயின.

2024 ஜனவரியில் ஏடன் வளைகுடாவில் ஏவுகணை தாக்கி எரிந்த மார்லின் லுவாண்டா என்கிற எண்ணெய்க் கப்பலில் 22 இந்தியர்கள் இருந்தார்கள். நம் கடற்படையின் விசாகப்பட்டினம் கப்பல் போய்த் தீயணைக்க உதவியது. மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடென்ஸ் என்கிற சரக்குக் கப்பல் தாக்கப்பட்டபோது மூன்று மாலுமிகள் இறந்துபோனார்கள். 2025 ஜூலையில் ஒரே வாரத்தில் இரண்டு கப்பல்களை மூழ்கடித்தார்கள். தூத்துக்குடியிலும் குமரியிலும் கப்பல் வேலைக்குப் போனவர்கள் நிறைய. பத்து நாள் மிச்சம் என்று நாம் கணக்குப் போடும்போது, அந்தப் பத்து நாளுக்காக யாரோ ஒருவர் வீட்டில் தூங்காமல் இருப்பார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

பணத்தில் பார்த்தால்: பெரிய கன்டெய்னர் கப்பலுக்கு ஒரு தடவைக் கால்வாய்க் கட்டணம் மட்டும் பல லட்சம் டாலர். பதற்றக் காலத்தில் கப்பலின் போர்-ஆபத்து இன்சூரன்ஸ் பிரீமியமும் சேரும். சாதாரண நாளில் கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருப்பது, செங்கடல் தாக்குதல்களின்போது ஒரு சதவீதத்தை எட்டியது. இதெல்லாம் சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) என்ற பெயரில் நம் பில்லுக்குத்தான் வரும். சரக்கு இன்சூரன்சில் போர் ஆபத்து தனி ஒப்பந்தம் என்பதையும் கவனியுங்கள். அதிக ஆபத்துகளை உள்ளடக்கும் 'ஏ' வகை பாலிசியிலும் அது சேர்ந்தது இல்லை. ஏழு நாள் நோட்டீசில் அதை ரத்து செய்யும் உரிமையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்டு.

சூயஸ் நல்லது எப்போது? செங்கடல் அமைதியாக இருந்து, நீங்கள் எடுக்கும் லைன் சில மாதமாகவே ஒழுங்காக அந்த வழியில் ஓடிக்கொண்டிருந்தால், மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கு வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். நேற்றுதான் திரும்ப ஆரம்பித்த லைன் என்றால் கொஞ்சம் பொறுங்கள். வழி மாறுகிற சமயம்தான் உள்ளதிலேயே மோசமான சமயம். ஆப்பிரிக்காவைச் சுற்றி முன்னால் கிளம்பிய கப்பலும், சூயஸ் வழியாகப் பின்னால் கிளம்பிய கப்பலும் ஒரே வாரத்தில் ஐரோப்பியத் துறைமுகத்தில் போய் நிற்கும். இறக்க இடமிருக்காது. நாம் மிச்சம் பிடித்த நாளெல்லாம் அங்கே கரைந்துபோகும்.

## நன்னம்பிக்கை முனை

ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் போகிற, கால்வாய் இல்லாத வழி. கட்டணம் இல்லை, வரிசை இல்லை, மூடுவதற்கு ஆளும் இல்லை. 1488-இல் அதைச் சுற்றிய போர்ச்சுகீசியர் முதலில் புயல்களின் முனை என்றுதான் சொன்னார்களாம். அந்தப் பெயரும் பொய்யில்லை.

ராட்டர்டாமுக்குக் கூடுதல் தூரம் 3,800 கடல் மைல். 16 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 16 கடல் மைல் போகிற கப்பல் ஒரு நாளில் 384 மைல் கடக்கும். ஆக, பத்து நாள். இடையில் நின்று போகும் துறைமுகங்களையும் சேர்த்தால் 10 முதல் 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது தெரிந்த தாமதம். முன்கூட்டியே சொல்லிவிடலாம், அதை வைத்து உற்பத்தியைத் திட்டமிடலாம். சிறு ஏற்றுமதியாளர்களுக்கு நான் பெரும்பாலும் இந்த வழியைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மறைவான செலவுகள் இங்கேயும் உண்டு. வாரம் ஒரு கப்பல் என்று ஓடுகிற சேவையில் போக வர இருபது நாள் கூடினால், அதே வாரக் கணக்கைக் காக்க மூன்று கப்பல் கூடுதலாக வேண்டும். உலகம் முழுக்க இப்படி ஆனபோதுதான் கப்பலில் இடம் கிடைக்காமல் ரேட் ஏறியது. காலிப் பெட்டிகள் திரும்பி வரவும் நாளாகும். ஐரோப்பியத் துறைமுகத்தைத் தொடும் கப்பல்கள் 2024 முதல் கார்பன் உமிழ்வுக்கும் பணம் கட்டுகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் பயணத்தின் உமிழ்வில் பாதியைக் கணக்கில் எடுக்கிறார்கள். தூரம் கூடினால் இந்தத் தொகையும் கூடும். அதுவும் ஒரு சர்சார்ஜாக வந்து உட்காரும்.

வட்டியைப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் 40 லட்சம் ரூபாய் சரக்கு, வங்கி வட்டி 10 சதவீதம், 12 நாள் தாமதம் என்றால் சுமார் 13,000 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் "சரக்கு கைக்கு வந்து 60 நாளில் பணம்" என்று பையரிடம் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும்தான் இந்த நஷ்டம் உங்களுடையது. "பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 60 நாள்" என்று எழுதி வாங்கியிருந்தால் கடல் எவ்வளவு நீண்டாலும் உங்களுக்குப் பணம் வரும் நாள் மாறாது. இந்த ஒரு வரியை மாற்றிக் கேட்டு வாங்குங்கள் என்று எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறேன். ரேட்டில் ஐம்பது டாலருக்கு ஒரு வாரம் பேரம் பேசுகிறவர்கள் இதற்கு ஒரு மெயில் போட மாட்டேன் என்கிறார்கள்.

துணிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். கொழும்பிலிருந்து சூயஸ் வழியாகப் போகிற கப்பல் பூமத்திய ரேகையைத் தொடுவதே இல்லை. முனையைச் சுற்றும் கப்பல் இரண்டு முறை கடக்கிறது. ஜூன், ஜூலையில் நம் ஊர்ப் புழுக்கத்தோடு மூடிய பெட்டி, தென்னாப்பிரிக்கக் குளிருக்குப் போய், மறுபடி வெப்பத்துக்கு வந்து, அப்புறம் ஐரோப்பா சேரும். உள்ளே இருக்கும் ஈரம் கூரைத் தகட்டில் வியர்த்துச் சொட்டும். 'கன்டெய்னர் மழை' என்று சொல்வது இதைத்தான். 2024-இல் எங்கள் வழியாகப் போன ஒரு பெட்டியில் மேல் வரிசை அட்டைப்பெட்டிகள் நனைந்து, பனியன்களில் பூஞ்சைப் புள்ளி விழுந்துவிட்டது. அன்று ஈரம் உறிஞ்சும் பைகளை வழக்கமான எண்ணிக்கையில்தான் போட்டிருந்தோம். நாள் கூடுகிறதே, பைகளையும் கூட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் தப்புத்தான். இப்போது முனை வழி என்றாலே ஒன்றரை மடங்கு பை, அட்டைப்பெட்டிகளுக்கு மேலே ஒரு ஷீட்.

அலையையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கக் கரையோரம் அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. குளிர்காலப் புயல் அதற்கு எதிர்த்திசையில் வீசும்போது அலைகள் செங்குத்தாக எழும்பும். 2024 ஜூலையில் ஒரு பெரிய கப்பலிலிருந்து 44 பெட்டிகள் அங்கே கடலில் விழுந்தன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த வழியில் இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்பவே கூடாது. அதே இன்சூரன்ஸ் தாமதத்துக்குப் பணம் தராது என்பதும் தெரிந்திருக்கட்டும். 'ஏ' வகை பாலிசியிலும் தாமதத்தால் வரும் நஷ்டம் விலக்கப்பட்டதுதான். கிறிஸ்துமஸ் சரக்கு ஜனவரியில் போய்ச் சேர்ந்தால் முழு இழப்பும் உங்களுடையது.

## பனாமா

"பனாமா வழியா அமெரிக்கா போனா சீக்கிரமுங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்மிடமிருந்து கிளம்பும் சரக்குக்கு அது சுற்றுவழி. நியூயார்க், சவானா போக நாம் மேற்கேதான் போக வேண்டும். ஷாங்காயிலிருந்து நியூயார்க் போகிறவருக்குத்தான் பனாமா மிக அருகில். நமக்கு அது உதவுவது பெரு, ஈக்வடார், கொலம்பியாவின் பசிபிக் கரைத் துறைமுகங்களுக்கு அட்லாண்டிக் பக்கமாகச் சரக்கு போகும்போது.

ஆனாலும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே மழை பெய்யாவிட்டால் நம் ரேட் ஏறுகிறது!

சூயஸ் போலத் தட்டையான வெட்டு இல்லை பனாமா. இரண்டு கடலுக்கும் நடுவே மலைமுதுகு. பிரெஞ்சுக்காரர்கள் 1881-இல் சூயஸ் போலவே கடல்மட்டத்தில் வெட்டப் பார்த்து, மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் சுமார் 22,000 பேரைப் பறிகொடுத்துக் கைவிட்டார்கள். அமெரிக்கர்கள் 1914-இல் முடித்தது வேறு முறையில். ஆற்றை அணைகட்டி, கடலிலிருந்து 26 மீட்டர் உயரத்தில் காத்தூன் ஏரியை உண்டாக்கி, பூட்டு மதகுகளால் கப்பலை ஏற்றி இறக்குகிறார்கள். ஒரு கப்பல் கடந்து போக சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. பனாமா நகரத்துக்கும் கொலோனுக்கும் குடிநீர் தருவதிலும் இந்த ஏரிக்குப் பங்கு உண்டு. 2016-இல் திறந்த புதிய மதகுகள் தண்ணீரில் 60 சதவீதத்தைத் தொட்டிகளில் பிடித்து மறுபடி பயன்படுத்துகின்றன. இருந்தும் 2023 வறட்சியில் நாளுக்கு 36 கப்பல் என்றிருந்ததை 24-க்கும் கீழே குறைக்க நேர்ந்தது. அந்த நவம்பரில் வரிசையைத் தாண்டிப் போகும் ஓர் இடத்தைக் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தார்கள்.

பனாமாவில் இடம் கிடைக்காத சீனா–நியூயார்க் கப்பல்கள் சூயஸ் பக்கம் திரும்பின. சில வாரத்தில் செங்கடலும் சிக்கலானது. எல்லாரும் ஆப்பிரிக்காவைச் சுற்ற, நம் பெட்டிகளுக்கும் இடம் இல்லாமல் போனது. மத்திய அமெரிக்காவில் மழை எப்படி என்று நான் செய்தி பார்ப்பதை வீட்டில் விநோதமாகப் பார்க்கிறார்கள். என் வேலைக்கு அது தேவைப்படுகிறது.

## பால்டிக் பையர்களுக்கு: கீல்

போலந்து, பின்லாந்து, சுவீடனின் கிழக்குக் கரை என்றால் ஹாம்பர்க்கில் இறங்கிய பெட்டி மறுபடி ஃபீடரில் ஏறிக் கீல் கால்வாய் வழியாகப் போகும். 1895-இல் ஜெர்மனி தன் போர்க்கப்பல்களை டென்மார்க்கைச் சுற்றாமல் கொண்டுபோக வெட்டியது, 98 கிலோமீட்டர். சராசரியாக 250 கடல் மைல் மிச்சம். மதகு பழுதானால் ஃபீடர் டென்மார்க்கின் முனையைச் சுற்றும், ஒரு நாள் போகும். இதற்காக லைனை மாற்ற வேண்டியதில்லை.

## கடலும் விமானமும் கலந்து

துபாய் வரை கப்பல், அங்கிருந்து விமானம். நேர் விமானத்தைவிட மலிவு, கப்பலைவிடப் பல மடங்கு விலை. ஆர்டரே கைநழுவுகிற நிலையில், தாமதத்துக்குக் காரணம் நம் பக்கம் இருந்து, பையர் நீண்டகால உறவு என்றால் மட்டும் செய்யுங்கள். முழுச் சரக்கையும் அனுப்ப வேண்டாம். கடையில் முதல் வாரம் அடுக்கத் தேவையான அளவை மட்டும் இதில் அனுப்பிவிட்டு மீதியைக் கப்பலில் விடலாம்.

## "சேது வந்திருந்தா?"

இதையும் கேட்கிறார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கப்பல் போகக் கடலை ஆழப்படுத்தும் சேது சமுத்திரத் திட்டத்தைச் சொல்கிறார்கள். 2005 ஜூலையில் தொடங்கி இடையில் நின்றுபோன அந்தத் திட்டம் 12 மீட்டர் ஆழத்துக்கானது. இன்றைய மதர் வெசல்களுக்கு அந்த ஆழம் போதாது. தூத்துக்குடி மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பதால் அங்கிருந்து மேற்கே போகும் சரக்குக்கு அந்த வழி குறுக்கிடவே போவதில்லை. சென்னை, விசாகப்பட்டினம் பக்கம் போகும் சிறு கப்பல்களுக்கான கேள்வி அது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் பெட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

## எஃப்.ஓ.பி-யா, சி.ஐ.எஃப்-பா

சி.ஐ.எஃப் என்றால் கப்பலும் இன்சூரன்சும் உங்கள் பொறுப்பு, மேலே சொன்னதெல்லாம் நேரடியாகப் பொருந்தும். வடக்கு ஐரோப்பாவுக்குச் சீசன் சரக்கு என்றால் முனை வழியின் நாளைக் கணக்கில் வைத்து, அதற்கு மேல் ஒரு வாரம் சேர்த்து டெலிவரி தேதி ஒப்புக்கொள்ளுங்கள். கப்பல் சூயஸ் வழியாகச் சீக்கிரம் போய்விட்டால் பையர் கோபித்துக்கொள்ள மாட்டார். மத்தியதரைக் கடல் பையர் என்றால் சூயஸில் ஓடுகிற லைனைத் தேடுங்கள், போர் ஆபத்து இன்சூரன்சைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சீசன் இல்லாத சரக்கு, வீட்டுத் துணி, தேங்காய் நார் போன்றவற்றுக்கு முனை வழியில் ரேட் குறைவாக இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம், ஈரத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு.

எஃப்.ஓ.பி என்றால் லைனைத் தேர்ந்தெடுப்பது பையர். நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான். வழி உங்கள் கையில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சரக்கு கப்பலேறிய தேதியோடு உங்கள் கடமை முடிகிறது என்பதை ஆர்டரில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கடைக்கு வந்து சேரும் தேதியை வைத்து அபராதம் போடுகிற வரி உள்ளே ஒளிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் கையெழுத்துப் போடும் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். பையரின் ஃபார்வர்டர் நியமித்த கப்பலின் பெயர் வந்ததும், அது கடைசியாக எந்த வழியில் போனது என்று கேளுங்கள். கப்பல் நடமாட்டம் காட்டும் இணையதளங்களில் நீங்களே பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. முனை வழி என்று தெரிந்தால் பேக்கிங் ஆட்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெட்டி மூடிய பிறகு பை சேர்க்க முடியாது.